கலவைன்னா கலப்படமா? சிவப்பு வைன் கேள்வி-பதில்

போன மாசம் பியர் பத்தி எழுதினதும் எழுதினேன், அப்புறம் வந்த மெயில்ல முக்கால்வாசி வைன் கேள்விதான், அதுலயும் நிறைய பேரு கேட்டிருக்கிறது நாப்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள்ள கிடைக்கிற சிவப்பு பிளெண்டு, அதாவது பல திராட்சை கலந்து பண்ற வைன் பத்தி. நான் ஓட்டல்ல பார் பக்கம் நின்னு வேலை பார்த்த ஆளு, திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிற ஆளு இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க, அங்க குறுக்கெழுத்து இருக்கு.

கேள்வி: அண்ணே, சூப்பர்மார்க்கெட் ஆஃபர்ல 26 வெள்ளிக்கு ஒரு ஆஸ்திரேலியா சிவப்பு வைன் எடுத்தேன். லேபிள்ல கிரனாஷ், ஷிராஸ், மூர்வேத்னு மூணு பேர் போட்டிருக்கு. குடிச்சுப் பார்த்தேன், எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா கூட வேலை பார்க்கிறவரு "மிச்சம் மீதியைக் கலந்து ஊத்தி விக்கிறதுக்குப் பேருதான் பிளெண்டு, நல்ல வைன்னா ஒரே திராட்சைதான்"னு சொல்லி மூடைக் கெடுத்துட்டாரு. நெசமாவா?
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுல்ல, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுது. நம்ம பாஷையில கலவை, கலப்படம் ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வர்றதுனால பிளெண்டுன்னு கேட்டதுமே பால்ல தண்ணி ஊத்தின ஞாபகம் வந்துடுது போல. ஊர்ல காப்பித்தூள் கடையில போயி நின்னு "பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி நூத்துக்கு இருபது"ன்னு சொல்லி அரைச்சு வாங்குறோமே, அதை யாராவது கலப்படம்னு சொன்னாங்களா? வாசனைக்கு ஒண்ணு, கெட்டிக்கு ஒண்ணு, கலருக்கு ஒண்ணு, வீட்டுக்கு வீடு அளவு மாறும், அவங்க அவங்களுக்கு அவங்க அளவுதான் உசத்தி.

உங்க பாட்டில்ல இருக்கிற மூணு பேரும் அப்படித்தான். கிரனாஷ் வெயில்ல நல்லா பழுக்கும், இனிப்பு ஏறும், இனிப்பு ஏறுனா ஆல்கஹாலும் ஏறும், ஆனா கலரு வெளுப்பு, தனியா விட்டா கொஞ்சம் தொளதொளன்னு போயிடும். ஷிராஸ் வந்து கலரைக் குடுக்கும், மிளகு வாசனையைக் குடுக்கும். மூர்வேத் எல்லாருக்கும் கடைசியா பழுக்கிற ஆளு, துவர்ப்பும் ஒரு மாதிரி கறி வாசனையும் அதுக்கிட்ட இருந்துதான் வருது. இது ஆஸ்திரேலியாக்காரன் கண்டுபிடிச்ச கூட்டணி இல்ல, பிரான்சுல தெற்கு ரோன் பக்கம் காலங்காலமா இப்படித்தான் பண்றாங்க, அங்க ஷாட்டோநெஃப் டு பாப்னு ஒரு பேர் போன வைன் இருக்கு, அதுல 13 வகைத் திராட்சை வரைக்கும் சேர்க்கலாம்னு விதியே இருக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவுல பரோஸா, மக்லாரன் வேல் பக்கம் நூறு வயசு தாண்டின கிரனாஷ் கொடி இன்னமும் காய்க்குது, ஏன்னா 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல திராட்சைத் தோட்டங்களை அழிச்ச ஃபைலாக்ஸெரா பூச்சி அந்த மாநிலத்துக்குள்ள நுழையவே இல்ல. அவ்வளவு பழைய கொடியில வந்த பழம் உங்க 26 வெள்ளி பாட்டில்ல இருக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா அந்தப் பரம்பரைதான்.

பிரான்சுலயே பொர்தோ வட்டாரத்துக் கதை இன்னும் நல்லா இருக்கும். அங்க கடல் பக்கம், எப்ப மழை வரும்னு சொல்ல முடியாது. மெர்லோ முன்னாடி பழுக்கும், கேபர்னே சோவினியோன் பின்னாடி பழுக்கும், ஒண்ணை மழை கெடுத்தா இன்னொண்ணு கை குடுக்கும், நம்ம ஊர்ல ஊடுபயிர் போடுறாங்களே அந்தக் கணக்கு. அப்படி வயித்துப் பொழப்புக்கு ஆரம்பிச்சது போகப் போக ருசிக்கே அதுதான்னு ஆயிடுச்சு, ஏன்னா கேபர்னே முதுகெலும்பு மாதிரி விறைப்பா நிக்கும், மெர்லோ அதுமேல சதை வைக்கும். 1855ல பொர்தோ வைன்களைத் தரம் பிரிச்சு உச்சத்துல வச்ச லஃபீத், லத்தூர், மார்கோ எல்லாமே கலவைதான். உங்க நண்பர்கிட்ட லத்தூர் ஒரு பாட்டிலு நீட்டினா மிச்சம் மீதின்னு தள்ளிவிடுவாரா கேளுங்க.

இன்னொண்ணும் அவருக்குச் சொல்லுங்க. ஆஸ்திரேலியாவுலயும் ஐரோப்பாவுலயும் லேபிள்ல ஒரே திராட்சை பேரு போடணும்னா 85 விழுக்காடு அந்தத் திராட்சை இருந்தா போதும், மீதி 15 வேற எதுவா வேணாலும் இருக்கலாம், அமெரிக்காவுல 75 இருந்தாலே போதும். அவரு "ஒரே திராட்சை"ன்னு நம்பிக் குடிக்கிறதுலயே ரெண்டாவது ஆளு ஒளிஞ்சிருக்கலாம். உங்க பாட்டிலாவது உள்ளதை உள்ளபடி சொல்லுது, அதுவும் வரிசையா, எது அதிகமோ அது முதல்ல.

அவரு சொன்னதுல உண்மையே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். திராட்சை பேரும் இல்லாம, எந்த ஊரு வட்டாரம்னும் இல்லாம, வெறும் "ரெட்"னு போட்டு ஒரு மிருகப் படம் மட்டும் இருந்தா நான் திரும்ப அலமாரியிலயே வச்சிடுவேன். கலந்ததுல தப்பில்ல, எங்க வெளைஞ்சுச்சு என்ன கலந்தீங்கன்னு சொல்ல என்ன கஷ்டம்?

கேள்வி: பின்பக்க லேபிள்ல பிளாக்பெரி, சீடர் மரம், சுருட்டுப் பெட்டின்னு எழுதியிருக்காங்க. நான் பிளாக்பெரியை ஐஸ்கிரீம் டப்பா படத்துலதான் பார்த்திருக்கேன். எவ்வளவு மோந்து பார்த்தாலும் எனக்கு வைன் வாசனைதான் வருது. ருசி பார்க்கக் கத்துக்கிறது எப்படி அண்ணா?
– வாசகி, செங்காங்

பதில்: தங்கச்சி, அந்த லேபிளை எழுதினவங்க அவங்க பாட்டி வீட்டுத் தோட்டத்துல இருந்ததை எழுதியிருக்காங்க. நீங்க உங்க பாட்டி வீட்டுல இருந்ததைத் தேடுங்க. நாவல் பழம் சாப்பிட்டிருப்பீங்கல்ல, நாக்கு ஊதாவாகி ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்கும், அதை நினைச்சுக்கிட்டு இளசா இருக்கிற ஒரு ஷிராஸ் பிளெண்டை ஒரு வாய் வைங்க, அட இதுவான்னு இருக்கும்.

சும்மா கவித்துவமா சொல்லல. ஷிராஸ்ல மிளகு வாசனை வருதுன்னா அது மிளகு *மாதிரி* இல்ல, மிளகேதான். ரொட்டுண்டோன்னு ஒரு பொருளு, நம்ம ரசத்துல போடுற மிளகுக்கு வாசனை குடுக்கிற அதே பொருளு, திராட்சைத் தோல்லயும் இருக்குன்னு 2008ல ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை மூக்குல ஏறவே ஏறாது, அதனால பக்கத்துல உக்காந்திருக்கிறவரு மிளகு மிளகுன்னு குதிச்சு உங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னா உங்க மேல தப்பில்ல. அதே மாதிரி ஓக் பீப்பாயை உள்பக்கம் நெருப்புல வாட்டுவாங்க, அதுல இருந்து வர்ற யூஜினால்தான் கிராம்புலயும் இருக்கு, பிரியாணி தம் திறக்கிறப்ப வர்ற அந்த ஒரு இழை. சில ஆஸ்திரேலியா சிவப்புல நீலகிரித் தைலம் வாசனை வரும், சளிக்கு நெஞ்சுல தேய்ச்ச ஞாபகமே வந்துடும், தோட்டத்தைச் சுத்தி தைல மரம் நிக்கும், அந்த எண்ணெய் காத்துல வந்து பழத்துமேல படியும், அவ்வளவுதான் ரகசியம். பழுக்காத கேபர்னேல குடைமிளகாய் வாசனை வரும், அதுவும் ரெண்டுலயும் ஒரே பொருளு இருக்கிறதுனாலதான்.

இப்ப செய்முறை. கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, வாசனை நிக்க இடம் வேணும். வெள்ளைப் பேப்பர் மேல சாய்ச்சுப் பாருங்க, ஓரம் ஊதாவா இருந்தா இளசு, செங்கல் கலரா இருந்தா வயசானது. ஆட்டாம ஒரு தடவை மோந்துட்டு, அப்புறம் கிளாஸைச் சுழட்டி இன்னொரு தடவை மோந்து பாருங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். சுழட்டினதும் கண்ணாடியில கோடு கோடா இறங்குதே, அதைக் காமிச்சு "பாரு எவ்வளவு தரம்"னு ஒருத்தர் சொல்லுவாரு, எல்லா விருந்துலயும் ஒருத்தர் உண்டு, அது ஆல்கஹால் ஆவியாகிறதுனால நடக்கிற சமாசாரம், தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்புறம் வாய்ல வச்சு முழுங்காம ஒரு சுத்து சுத்துங்க. இங்கதான் நமக்கு ஒரு சலுகை இருக்கு. ருசி ஆறுன்னு எண்ணும்போதே துவர்ப்பையும் சேர்த்து எண்ணிப் பழகினவங்க நாம. வாழைப்பூ, நெல்லிக்காய், கொட்டைப்பாக்குன்னு சின்ன வயசுலயே அது என்னன்னு நாக்குக்குத் தெரியும். டானின் டானின்னு புத்தகமெல்லாம் பக்கம் பக்கமா எழுதுறது இதைத்தான், எச்சில்ல இருக்கிற புரதத்தோட அது ஒட்டிக்கிறதுனால வாய் காஞ்ச மாதிரி ஆகுது. ஓட்டல்ல புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறப்ப நான் தேக்கா மார்க்கெட்டுல பாக்கு வாங்கிட்டு வந்து மெல்லச் சொல்லுவேன், ஒரே நாள்ல புரிஞ்சுக்குவாங்க, எங்க மேனேஜருக்குத்தான் தரையில துப்பிடுவாங்களோன்னு பயம்.

துவர்ப்பு ஈறுல தெரியும், புளிப்பு கன்னத்து ஓரம் எச்சில் ஊற வைக்கும், ஆல்கஹால் தொண்டையில சூடா இறங்கும், பழ ருசி நடுவுல இருக்கும். இந்த நாலுல ஏதாவது ஒண்ணு மட்டும் தலையை நீட்டிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. நல்ல பிளெண்டுல எதுவும் தனியாத் தெரியாது, சாம்பார்ல பெருங்காயம் தெரிஞ்சும் தெரியாம இருக்கிற மாதிரி. முழுங்கினதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, பத்து வரைக்கும் ருசி நிக்குதுன்னா 26 வெள்ளிக்கு அது தாராளம்.

லேபிளை மறைச்சுட்டுப் பாருங்க, அது ரொம்ப முக்கியம். 2001ல வெளிவந்த ஒரு ஆய்வு, பொர்தோவுல வைன் படிக்கிற 54 மாணவருங்களுக்கு வெள்ளை வைன்ல வாசனை இல்லாத சிவப்புச் சாயம் கலந்து குடுத்தாங்க, அவங்க சிவப்பு வைனுக்குச் சொல்ற வார்த்தையா எடுத்து விட்டாங்க. படிக்கிற பிள்ளைங்களையே கண்ணு அப்படி ஏமாத்துது. வீட்டுல ரெண்டு பாட்டிலை அலுமினியத் தாள்ல சுத்தி வச்சு விளையாடிப் பாருங்க, நல்லா பொழுது போகும்.

கேள்வி: 26 வெள்ளி பாட்டில் வாங்குறதா, 38 வெள்ளி பாட்டில் வாங்குறதா? காசுக்கு எது லாபம்? ஜோகூர் பாரு (ஜேபி) போயி ரெண்டு பாட்டில் தூக்கிட்டு வந்தா மிச்சமாகுமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: கணக்கு போட்டே சொல்றேன். சிங்கப்பூர்ல வைனுக்குத் தீர்வை விலையைப் பார்த்துப் போடுறதில்ல, உள்ள இருக்கிற ஆல்கஹாலைப் பார்த்துப் போடுறாங்க, 2014ல இருந்து ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 750 மில்லி பாட்டிலு, 14 விழுக்காடுன்னு வைங்க, உள்ள 105 மில்லி ஆல்கஹால், தீர்வை 9 வெள்ளி 24 காசு. பாட்டிலு மலிவோ மகா ஒசத்தியோ, இது மாறாது. அதுக்கு மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 26 வெள்ளியில ஜிஎஸ்டி ரெண்டே கால் வெள்ளிக்குக் கொஞ்சம் கம்மி, தீர்வையையும் கழிச்சா மிஞ்சுறது பதினாலரை வெள்ளி சொச்சம், அதுலதான் கப்பல் கூலி, கண்ணாடி, மூடி, கடைக்காரர் லாபம், கடைசியா பாவம் அந்த வைன். 38 வெள்ளி பாட்டில்ல இதே கழிவு போக இருபத்தஞ்சரைக்கு மேல மிஞ்சுது. அதாவது நீங்க கூடக் குடுக்கிற 12 வெள்ளியில 11 வெள்ளி அரசாங்கத்துக்குப் போகாம பாட்டில் பக்கமே போகுது. அதனால நம்ம ஊரைப் பொறுத்தவரை ரொம்ப மலிவு வைன்தான் நஷ்டம், மாசம் ரெண்டு 20 வெள்ளி பாட்டில் வாங்குறதுக்கு ஒரு 38 வெள்ளி பாட்டில் வாங்குங்க, உடம்புக்கும் பாதிதான் போகும். 60ஐத் தாண்டினா கதை மாறும், அங்க பேருக்கும் கிராக்கிக்கும் சேர்த்துக் குடுக்கிறோம்.

அந்த 35, 40 வெள்ளியில என் கை எங்க போகும்னா, பிரான்சுல கோத் டு ரோன், இல்ல ஸ்பெயின்ல ரியோஹா கிரியான்ஸா, தெம்ப்ரனீயோ திராட்சையோட கர்னாச்சா (நம்ம கிரனாஷ்தான்) கலந்தது, ரெண்டு வருஷம் வச்சு, அதுல ஒரு வருஷமாவது மரப்பீப்பாயில வச்சுத்தான் விக்கணும்னு சட்டம், அந்தப் பொறுமைக்குக் காசு வாங்காம அனுப்புறாங்களேன்னு எனக்கு எப்பவும் ஆச்சரியம். போர்ச்சுகல்ல டோரோ பக்கத்துச் சிவப்பும் பாருங்க, பேரு வாயில நுழையாததுனாலயே விலை ஏறல. கனமான பாட்டிலு, தங்க ஸ்டிக்கரு இதுக்கெல்லாம் மயங்காதீங்க.

ஜேபி யோசனையை விட்டுடுங்க. மலேசியாவுல இருந்து வந்தா மதுவுக்குத் தீர்வைச் சலுகையே கிடையாது, ஒரு பாட்டிலா இருந்தாலும் சொல்லி வரி கட்டணும். வேற நாட்டுல 48 மணி நேரமாவது இருந்துட்டுத் திரும்புறப்ப ரெண்டு லிட்டர் வரைக்கும் வைன் கொண்டு வரலாம்.

கேள்வி: வீட்டுல மட்டன் சுக்காவுக்கு நல்ல கேபர்னே மெர்லோ திறந்தேன். வாயெல்லாம் எரிஞ்சு போச்சு, வைனும் கசந்துச்சு. நம்ம சாப்பாட்டுக்கு வைன் ஒத்தே வராதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வரும், ஆனா ஆளு மாறணும். காரமும் துவர்ப்பும் சேர்ந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஏத்திவிடும், ஆல்கஹால் அதுல எண்ணெய் ஊத்தும். கறியில இருக்கிற கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும், அதுக்காகத்தான் ஆட்டுக்கறிக்குச் சிவப்புன்னு சொல்றது, ஆனா நீங்க அதுமேல அள்ளிப் போட்ட மிளகாய்த்தூளை யாரும் கணக்குல சேர்க்கல. சுக்காவுக்கு மிளகு தூக்கலா, மிளகாய் கம்மியா வச்சு, கிரனாஷ் முன்னாடி நிக்கிற பிளெண்டை வாங்கி அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க. குருமா, பிரியாணி, கத்திரிக்காய் கொத்சு இதுக்கெல்லாம் நல்லாவே சேரும். மீன்தலைக் கறிக்கு மட்டும் தயவுசெஞ்சு சிவப்பு வேணாம், வைன்ல இருக்கிற இரும்புச்சத்தும் மீன் கொழுப்பும் சேர்ந்து பழைய காசை நக்கின மாதிரி ஒரு ருசி வரும்.

கேள்வி: சிவப்பு வைனை ரூம் டெம்பரேச்சர்லதான் குடிக்கணும்னு சொல்றாங்க, நீங்க ஃபிரிட்ஜ்ங்கறீங்களே?
– வாசகி, ஊட்லண்ட்ஸ்

பதில்: அந்த ரூமு பிரான்சுல இருக்கிற குளிரு ரூமு, 16, 18 டிகிரி. நம்ம வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலு மத்தியானம் 30. அதுல ஊத்துனா முதல்ல ஆல்கஹால்தான் மூக்குல குத்தும். சேமிச்சு வைக்கிறதுக்கும் இதே பிரச்சினை, நான் ஒரு தடவை நல்ல பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல எட்டு மாசம் நிக்க வச்சு, திறந்தா வேகவச்ச பேரீச்சம்பழம், வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல, கேக்குல ஊத்திட்டா. வீட்டுல இருக்கிற பாம் ஷெல்டர் அறை உள்ள வச்சா வெளிச்சமாவது படாது, இருந்தாலும் ரெண்டு மூணு மாசத்துல குடிச்சிடுங்க, இந்த விலை வைன் எல்லாம் வருஷக்கணக்குல வைக்கப் பண்ணினதில்ல. திறந்து மிஞ்சினதை மூடி ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும்.

கேள்வி: திருகு மூடி போட்ட பாட்டிலு மட்டமா?
– வாசகர், பீடோக்

பதில்: இல்ல. 2000ல ஆஸ்திரேலியாவுல கிளேர் வேலியில ரீஸ்லிங்ங்கற வெள்ளை வைன் பண்றவங்க கூடிப் பேசி மாறினாங்க, கார்க்குல சில சமயம் நனைஞ்ச அட்டை நாத்தம் வரும், அது இதுல வராது.

கேள்வி: நாங்க சுத்த சைவம். வைன் திராட்சைச் சாறுதானே, கவலை இல்லையே?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: கொஞ்சம் இருக்குங்க. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, ஜெலட்டின், மீனோட காத்துப் பையில இருந்து எடுக்கிற பசை, பால் புரதம் இதுல ஏதாவது ஒண்ணைச் சில பேர் போடுவாங்க, அப்புறம் வடிச்சிடுவாங்க, ஆனா போட்டது போட்டதுதானே. பாட்டில்ல வீகன்னு போட்டிருந்தா நம்பி எடுங்க, களிமண் போட்டுத் தெளிய வைக்கிறவங்களும் இருக்காங்க.

கேள்வி: தினம் ஒரு கிளாஸ் சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லதாமே?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: அது பழைய வாட்ஸ்அப் ஐயா. எந்த அளவும் பாதுகாப்பானதுன்னு சொல்ல முடியாதுன்னு உலகச் சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிடுச்சு. ருசிக்குக் குடிக்கிறதுன்னா குடிங்க, மருந்துன்னு சொல்லிக் குடிக்காதீங்க.

கேள்வி: ஈஸ்ட் கோஸ்ட்ல பார்பிக்யூ, வைன் கொண்டு போலாமா?
– வாசகர், மரீன் பரேட்

பதில்: ராத்திரி பத்தரைக்குள்ள முடிச்சிடுங்க. பத்தரையில இருந்து காலை ஏழு வரைக்கும் பொது இடத்துல குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவுலயும் கேலாங்லயும் சனி ஞாயிறு இன்னும் கெடுபிடி.

கேள்வி: மாமனார் தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்காரு. நான் ஆசையா 40 வெள்ளி ரோன் பிளெண்டு ஊத்திக் குடுத்தா அதுல ரெண்டு ஐஸ் கட்டியைப் போட்டுக்கிட்டு நல்லா இருக்குங்கறாரு. எப்படிச் சொல்லித் திருத்துறது?
– வாசகர், தெம்பனீஸ்

பதில்: நீங்க வைனை ஹால்லயே வச்சிருந்து 30 டிகிரில ஊத்தியிருப்பீங்க, அவரு நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. அடுத்த தடவை அரை மணி நேரம் முன்னாடியே ஃபிரிட்ஜ்ல வச்சிட்டு ஊத்துங்க, ஐஸைக் கேக்குறாரான்னு பாருங்க. அப்பவும் கேட்டா எடுத்துக் குடுங்க மாப்ளே, அவரு பொண்ணையே குடுத்திருக்காரு.